ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்

ஓட்டைப்பல்லனுக்கு அந்தப் பல் பிறவியிலேயே இல்லாமல் போனதல்ல. அண்ணி அடித்துப் போனது. மேல்வரிசையில் நட்டநடுவில், சிரித்தால் முதலில் தெரிகிற இடம். வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் அவன் 'சரி' என்று சொன்னால் காற்று விசிலடித்துக்கொண்டு போகிறது. அடித்தவள் என்றைக்காவது ஒரு நாள், 'தெரியாமப் பட்டுடுச்சுப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அதை அன்றைக்கே விழுங்கியிருப்பான். சொல்லவில்லை. போய்ச் சேர்கிற வரைக்கும் அந்த மனுஷி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நடந்தது இதுதான். அவனுடைய அண்ணன், அதாவது அண்ணியின் புருஷன், எடுத்ததற்கெல்லாம் கையை ஓங்குகிறவன். குடித்துவிட்டு அடிக்கிறவனுக்காவது ஒரு சாக்கு இருக்கும். இவன் டீ குடித்துவிட்டு அடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வாசலில் உட்கார்ந்து வாக்குவம் கிளீனரின் இரும்புக் குழாயில் அடைத்திருந்த முடியைக் கம்பியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பின்னால் வந்து கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே குழாயைச் சுழற்றி அவன் முழங்காலில் ஒன்று வைத்தாள். அவன் குனிந்தான். அதே இடத்தில் இன்னொன்று. காய்ந்த விறகை ஒடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

அன்றைக்கு எல்லாப் பல்லும் இருந்த தம்பி, "எங்க அண்ணனையா அடிக்கிற?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். அண்ணி திரும்பிப் பார்க்காமலே புறங்கையை வீசினாள். பல் போய்ச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. தெருவே நின்று பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பல்லைவிட அதிகமாக வலித்தது.

கட்டுப் போட்ட காலோடு அண்ணன் நொண்டிக்கொண்டே எங்கேயோ போனான். அப்புறம் திரும்பவில்லை. இவன் வீக்கம் வடியாத வாயோடு வீட்டில் படுத்துக் கிடந்தான். ஒரு நாள் காலையில் வாசலில் வேன் சத்தம். அண்ணி இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"லாரி கம்பெனில உன்னை நிறுத்திட்டாங்களாமே. ஏறு."

"எங்க?"

"வேலைக்குத்தான். வேற எங்க, ஊர்வலத்துக்கா? வாயில ரத்தம் வந்தா வெளிய துப்பு. வண்டிக்குள்ள துப்பின, மிச்சப் பல்லையும் எண்ணிப் பார்த்துக்க வேண்டியதுதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் அவன் ஏறினான். ஏறினவன் அப்படியே வருடக்கணக்கில் அந்த வேனிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணியின் தொழில், கார் நிற்கிற இடத்துக்கே போய் அதன் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து கொடுப்பது. வேனுக்குள் நீல நிறத் தண்ணீர் டிரம், ஒரு ஜெனரேட்டர், வாக்குவம், நுரை அடிக்கிற மெஷின், ஸ்டீம் மெஷின், கை அகலப் பிரஷ் முதல் பல் விளக்குகிற பிரஷ் வரைக்கும் ஒரு கூடை. வெளிப்பக்கத்தைத் தொடமாட்டாள். "வெளிய எவன் வேணா கழுவுவான். மழை பெஞ்சா அதுவே கழுவிக்கும். மனுஷன் உக்கார்ற இடத்தைக் கழுவுறதுதான்டா வேலை" என்பாள். சீட்டின் போல்ட்டைக் கழற்றி முழுசாகத் தூக்கி வெளியே வைத்துவிடுவாள். அடியில் என்னென்ன கிடக்கும் தெரியுமா? பிஸ்கட் தூள், சில்லறை, குழந்தையின் ஒற்றை ஷூ, எவளுடையதோ தோடு. தோட்டை எப்போதும் கார்க்காரன் கையில்தான் கொடுப்பாள், அவன் மனைவி பக்கத்தில் நிற்கிற நேரமாகப் பார்த்து.

மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. ஆள் ஒல்லி. ஆனால் கதவை அவள் சாத்தினால் கார் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். வாய் அதைவிட மோசம். ஒரு தடவை ஒரு கார்க்காரன், அவள் உள்ளே குனிந்து வேலை செய்யும்போது ஜன்னல் வழியாகக் கையை விட்டு இடுப்பைக் கிள்ளினான். அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடி ஏறுகிற பொத்தானை அழுத்தினாள். அழுத்தினபடியே இருந்தாள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவன் கை நீலம் பாரித்தது. அவன் அலற அலற, இந்தப் பக்கம் மற்றக் கையால் டேஷ்போர்டைத் துடைத்து முடித்தாள்.

"விடுங்க அண்ணி, எலும்பு போயிரும்" என்று ஓட்டைப்பல்லன் கெஞ்சினான்.

"இருடா, கண்ணாடி இறங்கினா துடைக்க மறந்துருவேன்" என்றாள்.

அப்படிப்பட்டவளை நாலு பேர் திட்டினாலும் நாற்பது பேர் கூப்பிட்டார்கள். வேலை அப்படி. காருக்குள் என்ன கொட்டினாலும் அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. கிரீசுக்கும் பிசுக்குக்கும் ஸ்டீம். வாந்திக்கு முதலில் சோடா உப்பு. ரத்தத்துக்கு மட்டும் பச்சைத் தண்ணீர். சூடு பட்டால் ரத்தம் முட்டை வேகிற மாதிரி நூலுக்குள்ளேயே வெந்துவிடும். அதற்கப்புறம் எவனாலும் எடுக்க முடியாது. பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் முதலில் சொல்லித் தருகிற பாடம் இதுதான்.

கட்டடக் கான்ட்ராக்டர் ஒருவனின் சாம்பல் நிறக் கார் அப்படித்தான் அவர்களிடம் வந்தது. சுற்றிலும் ஆள் உயரச் சுவர், இரும்புக் கேட், கீழே கார் நிறுத்த இடம், மேலே வீடு. கான்ட்ராக்டர் இனிக்க இனிக்கப் பேசுவான். "ஏம்மா, டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்பான். முதல் தடவை பின் சீட்டில் ரத்தம். அடிபட்டுக் கிடந்த நாயைத் தூக்கிக்கொண்டு போனானாம். அடுத்த தடவை சொந்தக்காரக் குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்ததாம். குழந்தை மூக்கு ரத்தம் மேலே ரூஃப் துணி வரைக்கும் எப்படித் தெறிக்கும் என்று ஓட்டைப்பல்லன் யோசித்தான். அண்ணியும் யோசித்திருப்பாள். சீட் பெல்ட் மாட்டுகிற பொந்துக்குள் பிரஷை விட்டபோது, வேரோடு பிடுங்கின நீள முடி கொத்தாக வந்தது. கதவு ஓரத்தில் உடைந்த நகம் ஒன்று கிடந்தது, சிவப்புப் பூச்சோடு. அண்ணி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல நாய்தான். நெயில் பாலிஷெல்லாம் போட்டிருக்கு."

"நமக்கெதுக்கு அண்ணி? கழுவினமா, கிளம்பினமான்னு இருப்போம்."

அவள் அன்றைக்கு என்னவோ கூடுதலாக மெனக்கெட்டாள். தரை விரிப்புக்கு அடியில் இருக்கிற பஞ்சைக்கூட எடுத்து அலசிக் காயவைத்துப் போட்டாள். கடைசியில் வாசனையும் அடித்தாள். கார் கடையிலிருந்து அப்போதுதான் இறங்கின மாதிரி இருந்தது. தன் வேலையைத் தானே நின்று பார்த்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அன்றைக்கும் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், பெட்ரோல் பங்க்கில் டிரம்முக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். ஒரு கண் முழுக்க மூடிக் கன்னத்தோடு சேர்ந்து வீங்கியிருந்தது.

"நீங்கதானே எங்க காரைக் கழுவுறது? சாம்பல் கலரு. கான்ட்ராக்டர் வீடு."

அண்ணி தண்ணீர்க் குழாயை ஓட்டைப்பல்லன் கையில் கொடுத்தாள். "சொல்லும்மா."

"வீட்டுல அடிச்சா பக்கத்துல கேக்கும்னு அவர் கார்ல வச்சுத்தான்க்கா அடிப்பாரு. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, பாட்டைச் சத்தமா வச்சுட்டு. தப்பிச்சு ஸ்டேஷனுக்குப் போனேன். முகத்துல இருக்கிறது மாடிப்படில விழுந்ததுன்னு அவர் சொல்லிட்டாரு. நான், காரைப் பாருங்கய்யா, ரத்தம் இருக்கும்னு சொன்னேன். இன்ஸ்பெக்டரே வந்து கதவைத் திறந்து பார்த்தாரு. மோந்துகூடப் பார்த்தாரு. 'புது வண்டி மாதிரி கமகமன்னு இருக்கேம்மா, உனக்குத்தான் மனசு சரியில்ல'ன்னு சொல்லி, அவர் கூடவே அனுப்பி வச்சுட்டாரு."

அவள் வலது கையை நீட்டினாள். சுட்டுவிரல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. "ஸ்டேஷனுக்குப் போனதுக்கு இது."

"எப்போ?"

"நீங்க கடைசியா வந்துட்டுப் போன மறுநாள்."

டிரம் நிரம்பித் தண்ணீர் வழிந்து ஓட்டைப்பல்லனின் செருப்பை நனைத்தது. குழாயை மூட அவனுக்குத் தோன்றவில்லை.

"கழுவாதீங்கன்னு சொல்ல வரலக்கா. உங்க பொழப்பு அது. ஏதாவது கொஞ்சம் விட்டு வையுங்க. கண்ணுக்குத் தெரியாத மாதிரி, ஏதாவது ஒரு மூலையில." அவள் குரல் கும்பிடுகிற மாதிரி இருந்தது. "அடுத்த தடவை என்னை உயிரோட விடமாட்டேன்னு சொல்லியிருக்காரு."

"போகாத. இந்த வேன்ல ஏறு. எவன் வர்றான்னு நான் பார்க்கிறேன்."

"நான் போகலன்னா நேரா எங்க அம்மா வீட்டுக்குப் போவாரு. அம்மா படுத்த படுக்கை. ஏற்கனவே ஒரு தடவை கட்டிலோட கவுத்து விட்டிருக்காரு."

அவள் போய்விட்டாள். அண்ணி வேனின் பக்கவாட்டுத் தகட்டில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். தகடு உள்ளே அமுங்கிவிட்டது. விரல் முட்டி பிய்ந்து ரத்தம் வந்தது. அதைப் பச்சைத் தண்ணீரில் காட்டிக் கழுவினாள்.

"நாம என்ன அண்ணி பண்ண முடியும்? நம்ம வேலை கழுவுறது" என்றான் ஓட்டைப்பல்லன், சமாதானமாக.

"ஆமாடா. நல்லாக் கழுவிட்டோம்" என்றாள் அண்ணி.

கொஞ்ச நாள் அவள் பேச்சே குறைந்துவிட்டது. திட்டுகூட இல்லை. திட்டாத அண்ணியோடு வேனில் போவது அவனுக்கு, பிரேக் பிடிக்காத வண்டியில் போகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு காலையில் போன் வந்தது. கான்ட்ராக்டர்தான். மீன் வாங்கிக்கொண்டு வந்தானாம், பை கிழிந்து சீட்டெல்லாம் ரத்தமாம்.

"மீனா சார்? பெரிய மீனோ?" என்று கேட்டாள் அண்ணி. "இதோ வந்துட்டோம்."

போனார்கள். கேட்டைக் கான்ட்ராக்டரே திறந்து, வேன் உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டான். வழக்கமாக மேலே போய்விடுகிறவன் அன்றைக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டான். மணிக்கட்டில் புதிதாக நகக் கீறல். ஓட்டைப்பல்லன் பின் சீட்டை எட்டிப் பார்த்தான். அவ்வளவு ரத்தத்தை அவன் அந்தக் காரில் பார்த்ததில்லை.

அண்ணி சீட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தாள். படி முடிகிற இடத்தில் கம்பிக் கதவு. வீட்டுக்காரன் கீழே உட்கார்ந்திருக்கிறான், கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்குகிறது. உள்ளே எதுவோ தரையில் இழுபடுகிற சத்தம் லேசாகக் கேட்டது.

"வீட்டம்மா இல்லையா சார்?"

"ஊருக்குப் போயிருக்கா. நீங்க வேலையைப் பாருங்க."

அண்ணி ஸ்டீம் மெஷினை இழுத்தாள். ஓட்டைப்பல்லன் பச்சைத் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தான். "அண்ணி, அது ரத்த..."

"வாளியைக் கீழ வை" என்றாள். குரல் தணிவாக இருந்தது. கண் மட்டும் அவனை அறைந்தது.

மெஷின் சீறியது. வெள்ளைப் புகை சீட்டை மறைத்தது. ஈரமாகச் சிவந்திருந்தது பழுப்பாகி, கருத்து, நூலுக்குள்ளும் அதற்கடியில் இருக்கிற பஞ்சுக்குள்ளும் வெந்து இறுகியது. ஒரு ஓரம் விடாமல், இஸ்திரி போடுகிற பொறுமையோடு அவள் அடித்துக்கொண்டே போனாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவள் இந்தக் காரைக் கழுவவில்லை. இனி எவனும் கழுவ முடியாதபடி செய்துகொண்டிருக்கிறாள். பிற்பாடு கோர்ட்டுக்கு அந்த சீட்டைத்தான் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கான்ட்ராக்டரை உள்ளே தள்ளியதும் அதுதான்.

"என்னம்மா, கறை போகல, கருக்குது?" கான்ட்ராக்டர் எழுந்து வந்தான்.

"அழுக்கு மேல வருது சார். காஞ்சா உதிர்ந்துரும். வெயில்ல கொஞ்சம் நிறுத்தணும், சாவி குடுங்க."

"நானே எடுக்கிறேன்."

"எல்லா சீட்டும் ஈரம். உங்க வெள்ளைச் சட்டையில ஒட்டுச்சுன்னா, அப்புறம் அதையும் என்கிட்டதான் கொண்டு வரணும்."

அவன் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். சாவியைக் கொடுத்தான்.

அண்ணி ஏறி உட்கார்ந்தாள், கதவைப் பூட்டினாள், காரை எடுத்தாள். வெயில் விழுகிற இடத்தில் கார் நிற்கவில்லை. நேரே கேட்டை நோக்கிப் போனது. "கேட்டைத் திறடா!" என்ற சத்தம் மட்டும் வந்தது. அவள் எதையும் முன்கூட்டிச் சொல்கிற ஆளில்லை. ஓட்டைப்பல்லன் ஓடினான். அவசரத்தில் இழுத்ததில் தாழ்ப்பாள் பாதியில் சிக்கிக்கொண்டது. அவன் அதைக் குதிகாலால் உதைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் கண்ணாடி நொறுங்கியது.

கான்ட்ராக்டர் எங்கிருந்தோ வீல் ஸ்பானரை எடுத்திருந்தான். டிரைவர் பக்கத்து ஜன்னலை உடைத்து, அந்த ஓட்டை வழியாகவே அண்ணியின் முடியைப் பிடித்துப் பாதி உடம்பை வெளியே இழுத்துவிட்டான். உடைந்த கண்ணாடி அவள் வயிற்றைக் கிழித்தது. அவள் கத்தவில்லை. அவன் கையைக் கடித்தாள். கடித்த இடத்தைவிட்டு வாயை எடுக்கவே இல்லை. அவன்தான் மாடு மாதிரிக் கத்தினான். கத்திக்கொண்டே ஸ்பானரை ஓங்கி அவள் தலையில் இறக்கினான். ஒன்று. பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது அடியைப் பற்றித்தான் பின்னால் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அண்ணியின் வாய் திறந்துகொண்டது. அவள் ஜன்னலிலிருந்து கீழே கண்ணாடித் தூளின்மேல் மூட்டையாகச் சரிந்தாள்.

ஓட்டைப்பல்லன் எப்படி அங்கே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவன் கையில் ஸ்டீம் குழாய் இருந்தது. கொதிக்கிற முனையைக் கான்ட்ராக்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்துத் திறந்துவிட்டான். தோல் உரிந்து தொங்கியது. ஸ்பானர் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கான்ட்ராக்டர் சுவரில் போய் மோதினான். ஓட்டைப்பல்லன் குழாயைப் போட்டுவிட்டு வாக்குவத்தின் இரும்புப் பைப்பை எடுத்தான். தோளில் அடித்தான். காறை எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. விழுந்தவனை விலாவில் அடித்தான், கையில் அடித்தான், பைப் வளைகிற வரைக்கும் அடித்தான். "ஐயோ, விட்டுருப்பா, விட்டுரு" என்று அவன் அழுதது காதில் விழுந்தது. அதைக் கேட்டதும் இன்னும் ரெண்டு அடித்தான். பிறகு தண்ணீர் ஹோஸாலேயே கையையும் காலையும் சேர்த்துக் கட்டினான்.

"டேய்."

அண்ணி எப்படியோ நகர்ந்து, காரின் பின் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பாதி சிவப்பாக இருந்தது. அவன் கையில் அகப்பட்ட துணியை எடுத்து அவள் தலையில் வைத்து அழுத்தினான்.

"அது கண்ணாடி துடைக்கிற துணிடா" என்றாள். "வேற எடு."

"பேசாதீங்க அண்ணி. ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

போனில் இடத்தை இரண்டு தடவை சொன்னான். மாடியில் யாரோ கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டினார்கள். "அக்கா... அக்கா..." என்று தேய்ந்த குரல் கேட்டது. அண்ணி அந்தப் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தாள், முடியவில்லை. அவள் கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. அந்தப் பிடியில் பலம் இருந்தது.

"அழுவாத, அசிங்கமா இருக்கு. என்னைப் பிடிச்சுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்க? அவன் இடுப்புல சாவி இருக்கும். எடுத்துட்டு மேல போ. அவளைத் திறந்து கூட்டிட்டு வந்து, முன் சீட்டுல உக்கார வச்சு, இந்தக் காரை நீயே ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டுப் போ. ஆம்புலன்ஸ் என்னைப் பார்த்துக்கும், கேட்டை மட்டும் திறந்து போட்டுட்டுப் போ. வேற எவன் கையிலயும் கார் சாவியைக் குடுக்காத." மூச்சு வாங்கினாள். "இறங்கி வர்றப்போ செருப்பு போட்டுக்கிட்டு வரச் சொல்லு. அவசரத்துல வெறுங்காலோட ஓடி வந்துருவா. கீழ பூராக் கண்ணாடி கிடக்கு. போடா."